துவைத்த விமானம்

ஒரு பொருளைச் சுத்தமாக வைத்திருக்கப் பாடுபடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தம்புதுப் பொருளை அழுக்காக்க மூன்று வாரம் மெனக்கெட்டவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். அதன் பலனாக ஒரு துணி ஆலையின் மொத்தத் தொழிலாளிகள் முன்னாலும் என் மானம் போனது. போன மானம் பிறகு திரும்பியதா என்று கேட்டுவிடாதீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதில் நடந்தது இது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மேலூரில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்பது என் கணக்கு. ஊர் சுற்றினேன் என்பது அம்மாவின் கணக்கு.) கொஞ்சம் மூங்கிலும் கம்மாயில் விளையும், தக்கை மாதிரி லேசான நெட்டியும் கிடைத்தால் தேர், ரயில், கப்பல் என்று எதையாவது அப்படியே சின்னதாகச் செய்துவிடுவேன். அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

என் தாய்மாமன் மதுரையில் அந்தத் துணி ஆலையில் பட்டறை மேஸ்திரி. அவர் மகள் ராக்கம்மா எனக்கு முறைப்பெண். எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அவளுக்கும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாமா ஒரே பிடியாக நின்றார்.

"மில்லு வேலை ஒண்ணு இருந்தாத்தான் பொண்ணு, மாப்ள. நெட்டி ரயிலேத்தி எம் மகள எங்க கூட்டிக்கிட்டுப் போவீக?"

இந்த நேரத்தில்தான் ஆலையின் துரை சொந்த தேசத்துக்குத் திரும்பத் தயாரானார். பழைய ஜெர்மன் சண்டையில் விமானம் ஓட்டியவர் அவர். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டடுக்குச் சிறகு வைத்த விமானம். அதைப்போலச் சின்னதாக ஒன்று ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொன்னது மாமாவின் காதில் விழுந்தது. "எங்க மாப்ள செஞ்சிருவாப்ல" என்று என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்.

துரை ஒரு பழைய போட்டோவைக் கொடுத்தார். சேற்றில் நிற்கிற விமானம், சிறகில் ஏழு குண்டுத் துளை, வயிறு முழுக்க எண்ணெய் வழிந்த கறை. பன்னிரண்டு வருடத்தில் கற்ற தமிழில் அவர் சொன்னார்:

"இது மாதிரி வேணும். அழுக்கும் வேணும். அதே அழுக்கு."

அவருக்குப் பிடித்துவிட்டால் பட்டறையில் படம் வரைகிற வேலை எனக்கு. அந்த எண்ணெய்க் கறை விளக்கெண்ணெய் என்றும் அவர்தான் விளக்கினார். அந்தக் கால இன்ஜின் விளக்கெண்ணெய் குடிக்குமாம். குடித்ததை ஓட்டுகிறவர் முகத்திலேயே பீச்சுமாம். தரையிறங்கியதும் வீரர்கள் எல்லாரும் சொம்பைத் தேடி ஓடுவார்களாம். (சொம்பு என்று துரை சொல்லவில்லை, நமக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன்.)

"எதிரிக்குப் பயந்தாகளோ இல்லையோ, இதுக்குப் பயந்திருப்பாக" என்றார் மாமா.

நிஜ விமானத்தின் ஒரு அடிக்கு என் விமானத்தில் ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மூங்கில் சிம்புகளைச் சீவி எலும்புக்கூடு, அதன்மேல் அப்பாவின் மல் வேட்டியைக் கிழித்து இழுத்து ஒட்டிய தோல், உள்ளே நெட்டியில் இருக்கை. இரண்டு சிறகுக்கும் நடுவே கட்டுகிற கம்பிக்குக் குதிரை வால் மயிர்தான் பொருத்தம் என்று தோன்றியது. ஜட்கா ஸ்டாண்டில் போய்ப் பின்னாலிருந்து பிடுங்கினேன். குதிரை உதைத்தது. ஜட்காக்காரர் அதைவிட நன்றாக உதைத்தார். ஆனாலும் பதினாறு கம்பி தேறியது.

விமானம் ஒரு மாதத்தில் முடிந்தது. அழுக்குக்குத்தான் மூன்று வாரம். கடுக்காய்ச் சாறு காய்ச்சித் துணியைப் பழுப்பாக்கினேன். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழிசலையும் கோழி இறகால் இழுத்தேன். சக்கரத்துக்குக் கம்மாய்ச் சேறு. ஊதுவத்தியால் சுட்டு ஏழு துளை. அம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "புதுசாச் செஞ்சதுல சேத்தப் பூசுறானே, இவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலைஞன் என்ற திமிர்.

ஆயுத பூஜையன்று மத்தியானம் ஆலையில் துரை முன்னால் விமானத்தை வைப்பதாக ஏற்பாடு. காலையில் மேலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் உற்றுப் பார்த்து, "எங்க தம்பி விழுந்து கெடந்துச்சு?" என்று கேட்டார். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? மிதப்பில் இறங்கி மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா பட்டறையை அலங்கரிக்கப் போயிருந்தார். அத்தை என் முகத்தைப் பார்த்து, "தொரையப் பாக்கப் போறவரு இப்பிடியா தாடியோட போறது? போயி வழிச்சுக்கிட்டு வாங்க" என்றாள். விமானத்தை ராக்கம்மாவிடம் கொடுத்து, "பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அழுக்கு கேட்கிற துரையிடம் வேலை பார்க்கிறோம் என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

ஆயுத பூஜையன்று சவரம் செய்துகொள்ளப் போனவன் நான். முதல் கடையில் கத்தி, கத்தரி, கண்ணாடி எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. "கத்தி சாமிகிட்ட இருக்குண்ணே. நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். அடுத்த கடையிலும் கத்தி சாமியிடம். நான்கு வெளி வீதிகளையும் சுற்றினேன். எல்லாக் கடையிலும் பொரி கொடுத்தார்களே தவிர ஒருவரும் முகத்தைத் தொடவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, அதே தாடியோடு, மடி நிறையப் பொரியோடு திரும்பினேன்.

முற்றத்து வெயிலில் என் விமானம் பளபளவென்று நின்றது.

"தண்ணியில முக்கல மச்சான்" என்றாள் ராக்கம்மா. "சீயக்காத் தண்ணியில துணிய நனைச்சு நனைச்சுத் தொடச்சேன். அம்புட்டு அழுக்கு. போகாத எடத்துல சுண்ணாம்பு தடவிட்டேன். கொஞ்சம் நீலமும் போட்டேன்."

மூக்கில் சந்தனம், குங்குமம். ஏழு குண்டுத் துளையையும் மூடிச் சிவப்பு நூலில் தைத்த ஏழு பூ.

"இது தொரைக்குப் புடிச்சாத்தான் நமக்குக் கல்யாணம்னு அப்பா சொன்னாரு. ஓட்டையும் கறையுமா எப்பிடி மச்சான் குடுக்குறது? நல்லாருக்கா?"

அவள் விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன. என்மேல் ஆசை இருக்கிறது என்று இவ்வளவு நாள் நானாக நினைத்தது உண்மைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷத்திலும் துக்கத்திலும் ஒரே சமயத்தில் அழுகை வந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை; விளக்கு மாடத்துக் கரியை வழித்துக்கொண்டு விமானத்தின்மேல் பாய்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளும் கெழமையுமாக் கரியப் பூசுறாரு, ஆத்தா இங்க வாயேன்" என்று கத்தினாள். அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எனக்குச் சுற்றிப் போட்டாள்.

மாமா ஜட்காவோடு வந்து பார்த்தார். திரும்பிப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வழியில் கொஞ்சம் தூசியாவது ஒட்டட்டும் என்று நான் விமானத்தை வண்டிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். தூசி முழுக்க என் தாடியில் ஒட்டியது.

ஆலையில் பூஜை முடிந்தது. துரை விமானத்துக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து சிறகுக்கு அடியிலும் பார்த்தார்.

"அழுக்கு எங்கே?"

"தொவச்சாச்சு, தொரை" என்றேன்.

"யாரு?"

ராக்கம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "நான்தான்" என்றேன். காதல் வீரம். துரை ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுவும் நீ?"

"நானேதான்."

துரை தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "ஒண்ணு தைச்சுக் காட்டு."

துணியில் நூல் விட்ட இடத்தைச் சரிசெய்யும் பகுதியிலிருந்து யாரோ ஊசியும் நூலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையைத் தொடைமேல் விரித்து, ஆலை மொத்தமும் சுற்றி நிற்க, பூ தைத்தேன். பத்து நிமிடத்தில் செத்த கரப்பான்பூச்சி மாதிரி ஒன்று உருவானது. எழுந்து துரையிடம் நீட்டினேன். அவர் வாங்கி இழுத்தார். வரவில்லை. சண்டையில் இருந்தவர் அல்லவா, விடாமல் இழுத்தார். கைக்குட்டை வந்தது, அதோடு சேர்த்துத் தைத்திருந்த என் வேட்டியும் முழுசாக வந்தது.

உள்ளே கோடு போட்ட டிராயர். அதில் ஒரு சாண் கிழிசல். தைக்கத் தெரிந்தவனுடைய டிராயர் இல்லை அது என்பது துரைக்கு உடனே விளங்கிவிட்டது. ஆலைச் சங்கு ஊதியது மாதிரி ஒரு சிரிப்பு கிளம்பியது. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பூ யாரு தைச்சது, மேஸ்திரி?"

"எம் மக, தொரை."

துரை விமானத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். சண்டையில் எத்தனையோ தடவை நிஜ விமானத்தின் ஓட்டையை அடைத்தார்கள், யாரும் பூப் போடவில்லை என்றார். பிறகு என்னிடம், "வேலை நல்லா செய்றே. சொன்னது செய்யலே" என்றார். படம் வரைகிற வேலை எனக்கு இல்லை. ராக்கம்மாவுக்கு அந்த நூல் சரிசெய்யும் பகுதியில் வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமா நடந்ததையெல்லாம் ராக்கம்மாவிடம் சொல்லி முடித்தார்.

"மில்லு வேலை ஒண்ணு இருக்கணும்னுதான சொன்னீக?" என்றாள் அவள். "எனக்கு இருக்குல்ல? தையில நாள் பாருங்க."

அத்தைதான் முதலில் சிரித்தாள். தை மாதமே கல்யாணம் நடந்தது. ராக்கம்மா முப்பது வருடம் மில்லுக்குப் போனாள். நான் பொம்மைக் கடை வைத்தேன், அவளுக்குச் சோறு கட்டிக்கொடுத்தேன்.

இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நான் எழுந்தாலும், வரிசையில் யாராவது ஒருவர், "மெதுவாண்ணே, இலையோட சேத்துத் தச்சிருக்கப் போறீக" என்பார்கள். பந்தியே சிரிக்கும். பழகிவிட்டது. ஆனால் ராக்கம்மா ஒருத்திதான் சிரிக்காமல், "ஒரு தடவை பாத்துக்கிட்டே எந்திரிங்க மச்சான்" என்பாள். நானும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.