இரண்டு அங்குல மரியாதை

"இன்னும் இடது பக்கம் இறங்கித்தான் நிக்குது," என்றது பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து கொத்தனாரின் குரல்.

"அம்மாவை மூணு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும். இப்ப மணி என்ன தெரியுமா?" என்றாள் அவர் மனைவி.

"அத்தைக்காகத்தானே இந்தப் பாடு!"

உண்மைதான். போன மாதம் ஷெட்டில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்த மாமியார், "என்ன மாப்பிள்ளை, உட்கார்ந்தா முன்னால வழுக்குது? மூத்த மாப்பிள்ளை காரு மெத்தை மாதிரி இருக்கும்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. இரண்டு மாத ஓய்வு எந்த மகள் வீட்டில் என்று இன்னும் வாய் திறக்கவில்லை. இந்த முறையும் வழுக்கினால் மூத்தவர் வீடுதான்.

அதற்காகத்தான் வண்டியின் மூக்கைத் தூக்க லெவலிங் கிட் வந்தது. முன்சக்கர ஸ்பிரிங்குகளின் தலையில் வைக்க இரண்டு அங்குல வளையங்கள். ஷெட்டிலேயே ஜாக்கி போட்டு, சக்கரம் கழற்றி, வளையம் வைத்து முடுக்கி இறக்கினார். சுவர் கட்டும் ரசமட்டத்தை வண்டியின் விளிம்பில் வைத்தார். குமிழி நடுவுக்கு வரவில்லை.

"கடைக்காரன் ரெண்டு அங்குலம் போதும்னானே?" என்றாள் மனைவி.

"அவன் கிடக்கான். முப்பது வருஷமா இந்த ரசமட்டம் எங்கிட்ட பொய் சொன்னதில்ல."

மறுபடி ஜாக்கி. வளையத்தின் மேல் வளையம். மூக்கு தூக்கிக்கொண்டது, இடது பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. அதற்குத்தான் இப்போது தகடு செருகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சீட்டு எனக்கே எட்டல. அம்மா எப்படி ஏறுவாங்க?"

"முக்காலி போட்டா ஏறலாம்."

"ஆபரேஷன் பண்ண காலோட முக்காலி மேலயா? நல்லா இருக்கே!"

சாரப் பலகையை அறுத்து இரண்டு படி செய்தார். கடைசியில் குமிழி நடுவில் அசையாமல் நின்றது. பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் கொத்தனார் அதைப் பார்த்தார்.

தெருவில் இறங்கியதும் முன்கண்ணாடியில் பாதி சாலை தெரிந்தது, மீதி வானம்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸும் காவலாளியும் கைகொடுக்க, மாமியார் ஒருவழியாக ஏறினார். வண்டி நகர்ந்தது. அவர் பின்னால் சாய்ந்து மகள் மேல் சரிந்தார்; மகள் கொத்தனார் மேல் சரிந்தாள்.

"மாப்பிள்ளை, வீட்டுக்குத்தானே போறோம்? நேரா மேலோகத்துக்கு இல்லையே?"

"பழகிடும் அத்தை."

"பல்லு டாக்டர் நாற்காலி மாதிரி இருக்கு. வாயைத் திறக்கவா?"

அதன்பின் வீடு வரும்வரை கொத்தனார்தான் வாய் திறக்கவில்லை. மூத்தவரின் மெத்தைக் கார் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

ஷெட்டுக்குள் பின்புறமாக விட்டு நிறுத்தியதும் மூவரும் தானாக நிமிர்ந்தார்கள். கொத்தனாருக்கு உயிர் வந்தது. குதித்து இறங்கி ரசமட்டத்தை வைத்தார்.

"பாருங்க அத்தை, குமிழி நட்டநடுவுல! வண்டியில ஒரு குறையும் இல்ல. ரோடு பூரா கோணல்!"

மகள் தயங்கியபடி, "அம்மா, அக்காவுக்குப் போன் போடட்டுமா?" என்றாள்.

"எதுக்குடி? எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கார், இங்கேயே இருக்கேன்." மாமியார் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். "ஆனா மாப்பிள்ளை, கழுவுற தண்ணி முன்னால அந்த இடது மூலைக்கு ஓடணும்னு இந்தத் தரையைச் சரிவா வாட்டம் வச்சுப் பூசினதே நீங்கதானே?"