லெஃப்ட் பேக் துரைக்கு நாற்பத்தெட்டரைக் குச்சி

ஒரு மனிதரின் சட்டைப் பையிலிருந்து ஏழு தீக்குச்சிகளை நான் திருடியிருக்கிறேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தெருவில் நடந்தால் நாலு பேர் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொல்லும் நிலையில் இருந்தவன். அந்த ஏழு குச்சிகளால் ஒருவனுக்கு ஆட்டம் போயிற்று, வேலை போயிற்று. இன்னொருவர் தேவையே இல்லாமல் ஆறு வருஷம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். இதை இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி போட்டவர் பெயர் தீப்பெட்டி. உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மர்பி டவுன் மார்க்கெட் பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். இந்தப் பெங்களூரில் பந்தைப் பார்க்காமல் ஃபுட்பால் பார்த்த ஒரே மனிதர் அவர்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

கோல் விழுந்து நாங்களெல்லாம் குதிக்கும்போது, "யாரு போட்டது?" என்று கேட்பார். அவர் கண் மைதானத்தின் மறுகோடியில், எங்கள் கிளப்பின் டிஃபென்ஸ் ஆட்கள் மேல் இருக்கும். ஒரு முறை நாங்கள் கோப்பை ஜெயித்து, ஆட்டக்காரர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு அல்சூர் வழியாக ஊர்வலம் போனோம். நூறு கஜம் கூடவே ஆடி வந்தவர் என் காதருகே குனிந்து, "சார், ஜெயிச்சது நாமதானே?" என்றார்.

அவர் மகளைப் பெண் பார்க்க ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல வேலை, நல்ல குடும்பம். காபி குடித்துவிட்டு அவர்கள் தெருமுனை தாண்டியதும் தீப்பெட்டி, "வேணாம்" என்றார். காரணம் கேட்டோம்.

"வாசல்ல எப்படி நின்னான், பார்த்தீங்களா? ரெண்டு காலும் சமமா வெச்சு நிக்கறான். எவனாவது சைடுல பூந்தா, இவன் திரும்பறதுக்குள்ள கோல் ஆயிடும்."

மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அடுத்து வந்த பையன் ஒரு காலைச் சற்றே பின்னால் வைத்து நின்றான். அவனுக்கே பெண்ணைக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளைக்கு ஃபுட்பால் என்றால் ஆகாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு இந்தப் பெயர் வந்த விதம் இது. ஆட்டம் பார்க்க வரும்போது இரண்டு புதுத் தீப்பெட்டிகளோடு வருவார். தனக்குப் பிடித்த ஆள் எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தால் ஒரு குச்சியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுவார். பந்தை வெறுமனே வெளியே உதைத்துத் தள்ளினால் குச்சியை உடைத்துப் பாதியைப் போடுவார். ஃபவுல் செய்தால் பையிலிருந்து ஒன்றைத் திரும்ப எடுத்துவிடுவார். மனத்துக்குள் எண்ணவே மாட்டார். "எண்ண ஆரம்பிச்சா ஆசை வந்துடும் சார். ஆசை வந்தா கண்ணு கெட்டுப்போயிடும்" என்பார். இரண்டு பெட்டி நிறையத் தீக்குச்சியை வைத்துக்கொண்டு, பீடி பற்றவைக்க மட்டும் பக்கத்து ஆளிடம் நெருப்புக் கேட்பார். கணக்குக் குச்சியை எரிக்கக்கூடாதாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். எங்கள் கிளப்பில் இடது பக்கம் காவல் நிற்கும் லெஃப்ட் பேக் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் துரை. முப்பது தாண்டியவன், வளைந்த கால், ஓடும்போது மூட்டை தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கிறவன் மாதிரி இருப்பான். இன்னொருவன் ஸ்டீபன், என் பழைய மாணவன். உயரம், வேகம், பந்தோடு மேலே ஏறிப் போனால் மைதானமே எழுந்து நிற்கும். அடுத்த வருஷத்துக்கு ஒருவனுக்குத்தான் இடம் என்று கிளப் பிரசிடெண்ட் சொல்லிவிட்டார். அவருக்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை இருந்தது. கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு அங்கே வேலை, ஆட்டம் நின்றால் வேலையும் நிற்கும். ஸ்டீபனுக்கு அப்பா அம்மா இருந்தார்கள். துரைக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருந்தன.

மார்க்கெட் எதிரே பாய் கடையில் ஞாயிறு சாயங்காலம் டீயோடு சண்டை நடக்கும்.

"துரை கதை முடிஞ்சது குரு. காலு ரெண்டும் அடைப்புக்குறி மாதிரி இருக்கு, நடுவுல லாரியே போகும்" என்றார் ஆட்டோ ஓட்டும் குமார்.

"லாரி போகும். பந்து போச்சா? சொல்லு பார்ப்போம்" என்றார் தீப்பெட்டி.

"அவன் பக்கம் பந்தே வர்றதில்லையே!"

"ஏன் வர்ல? அவன் நிக்கறான், அதனால வர்ல. வராத பந்துக்கும் ஒரு குச்சி போடணும், நியாயமா பார்த்தா."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வராத பந்தை எண்ண முடியாதுங்க. இல்லாததுக்குக் கணக்கு கிடையாது" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. தீப்பெட்டி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சரி வாத்தியாரே, அதை விட்டுடறேன். அது இல்லாமலே என் ஆளு நிப்பான்."

"அட, ரெண்டு பேரும் வருஷக்கணக்கா கத்தினா என் பாய்லர்தான் வெடிக்கும். எண்ணிப் பார்த்து முடிங்கப்பா" என்றார் பாய்.

பிரசிடெண்டும் அதையே சொன்னார். மீதியிருந்தது ஐந்து ஆட்டம். முதல் பாதி துரை ஆடுவான், இரண்டாம் பாதி ஸ்டீபன். ரசிகர்கள் நீங்களே பார்த்து முடிவு சொல்லுங்கள், என் தலையைத் தின்னாதீர்கள் என்றார். எண்ணுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. ஸ்டீபன் கட்சிக்காரர்கள்கூட, "தீப்பெட்டி எண்ணட்டும்" என்றார்கள். அவர் புதுச் சட்டை ஒன்று தைத்தார், மார்பில் இரண்டு பக்கமும் பை வைத்து. இடது பை துரைக்கு, வலது பை ஸ்டீபனுக்கு. ஐந்து ஆட்டமும் முடியும்வரை குச்சிகள் பையிலேயே இருக்கும்.

அந்த ஐந்து வாரமும் அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்தன்று பீடி இல்லை, பேச்சு இல்லை, வெற்றிலைகூட இல்லை. ஸ்டீபன் அழகாக ஒரு பந்தைப் பறித்தபோது அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. ஆனாலும் முழுக் குச்சிதான் வலது பைக்குள் போயிற்று. துரை ஒரு முறை எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான், ரெஃப்ரி பார்க்கவில்லை. தீப்பெட்டி பார்த்தார். இடது பையிலிருந்து ஒரு குச்சி திரும்பி வந்தது.

"ரெஃப்ரியே விட்டுட்டான்யா!" என்றேன் நான்.

"ரெஃப்ரிக்குப் பையிருக்கா?" என்றார்.

ஐந்தாவது ஆட்டம் முடிந்தபோது தூறல். கிளப் வேன் மைதானத்து ஓரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. தள்ளப் போனவர்களில் தீப்பெட்டியும் ஒருவர். போகும்முன் சட்டையைக் கழற்றி, மடித்து, இஸ்திரி போட்ட துணியைத் தருவதுபோல் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"குச்சி நனையக்கூடாது சார். நீங்க வெச்சிக்கோங்க. வேற எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

நான் மரத்தடிக்குப் போனேன். இடது பையைத் தொட்டாலே தெரிந்தது, கனம் அங்கேதான். ஐந்து வாரமாக நானும் எண்ணிக்கொண்டிருந்தேனே. ஸ்டீபன் என் மாணவன் என்பது ஒரு காரணம். ஆனால் அதுதான் காரணம் என்று சொன்னால் இப்போதும் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். கணக்கு எம்.எஸ்ஸி. படித்த நான் ஒரு இஸ்திரிக்காரரிடம் பாய் கடையில் எல்லோர் முன்னாலும் தோற்கப் போகிறேன். அது பொறுக்கவில்லை. ஏழு குச்சிகளை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். துரையின் குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரியும். போட்டபோதும் தெரியும்.

கடை மேஜையில் கொட்டி எண்ணினோம். ஸ்டீபன் நாற்பத்து மூன்று. துரை நாற்பத்தொன்றரை.

தீப்பெட்டி குச்சிகளைத் தன் கையால் இன்னொரு தரம் எண்ணினார். பிறகு எழுந்து, "குச்சி சொன்னது சொன்னதுதான்" என்று பிரசிடெண்ட் வீட்டுக்கு அவரே நடந்து போய் ஸ்டீபன் பெயரைச் சொன்னார். அங்கிருந்து துரை வீட்டுக்குப் போய் அவனிடமும் அவரே சொன்னார். நான் கூடப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

துரைக்கு அடுத்த மாதமே வேலை நின்றது. மச்சினன் ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருந்தான், துரை குடும்பத்தோடு அங்கே போய்விட்டான். தீப்பெட்டி மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார். "எனக்கு என்னமோ துரைக்குத்தான் குச்சி கூட இருந்த மாதிரி தோணிச்சு சார். கண்ணு மோசம் பண்ணிடுச்சு" என்று சொல்லி, கமர்ஷியல் ஸ்ட்ரீட் நடைபாதையில் தானே முகத்தில் மாட்டிப் பார்த்து ஒரு கண்ணாடி வாங்கினார். எதற்கான கண்ணாடி என்று விற்றவனுக்கும் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு இஸ்திரி போட்டதில் எங்கள் தெருவில் காலர் கருகாத சட்டை இல்லை. என் பள்ளி ஹெட்மாஸ்டர் சட்டை முதுகில் இஸ்திரிப்பெட்டி வடிவத்தில் ஒரு கருகலோடு ஆண்டுவிழாவில் பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. நான் ரிட்டயர் ஆனேன். பிரிவுபசார விழாவில் என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நேராக இஸ்திரி வண்டிக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை என்ற முடிவோடு போனேன், சொன்னேன். எத்தனை குச்சி, எந்தப் பை, எந்த மரம், எல்லாம்.

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். எதிரே மார்க்கெட் போர்டைப் படித்தார், அதற்கப்பால் வந்த பஸ்ஸின் நம்பரைப் படித்தார்.

"அப்போ கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"ஆறு வருஷமா தலைவலி சார். டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னான், நிறுத்திட்டேன்."

கண்ணாடியை மடித்து வண்டியின் ஓரத்தில் வைத்தார். அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "என் கண்ணு மேல சந்தேகப்பட்டேன். உங்க மேல படல பாருங்க."

பிறகு வண்டியைத் தார்ப்பாயால் மூடினார். "நாளைக்கு அத்திபெலே போறோம். துரைகிட்ட நீங்க சொல்லணும். என் எதிர்ல சொல்லணும்."

துரை ஹைவே ஓரம் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தான். தீப்பெட்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் சொல்லி முடிக்கும்வரை லாரி டயர் ஒன்றை நெம்பிக்கொண்டே இருந்தான்.

"எத்தனை?"

"ஏழு."

நெம்புகோலைக் கீழே வைத்தான். "நான் அண்ணா மேலதான் கோவமா இருந்தேன். எனக்கு எதிரா எண்ணிட்டாருன்னு. அவர் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வர்ல." என் பக்கம் திரும்பினான். "உங்களை மன்னிக்கணும்னு எனக்குத் தோணல சார். பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க வரலப்பா. சொல்லத்தான் வந்தேன்."

"சரி. டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டுத் தீப்பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குள் அவர்கள் இருவரும் ஆறு வருஷ பாக்கியை எடுத்துக்கொண்டார்கள்.

"மூணாவது மேட்ச்ல நான் சறுக்கி விழுந்து எடுத்தேனே, அதுக்கு அரைக் குச்சிதான் போட்டீங்களாமே, அண்ணா?"

"வெளிய தள்ளினடா!"

"வெளிய தள்ளலண்ணா, ஸ்டீபன் வீட்டுக்காரங்க மேல சத்தியமா!"

"உன் வீட்டு மேல சத்தியம் பண்ணுடா, களவாணி!"

இரண்டு லாரி டிரைவர்கள் பஞ்சரை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து என்னால் முடிந்ததைச் செய்தேன். பிரசிடெண்ட் மாறியிருந்தார். புதியவருக்கு இருவர் பெயரும் தெரியவில்லை. ஒரு முழுத்தாளில் "துரை 48½, ஸ்டீபன் 43. ஏழு குச்சிகளைத் திருடியவன் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பாய் கடைச் சுவரில் ஒட்டினேன். அதைப் படித்த சிலர் என்னிடம் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்டீபன் வந்து படித்தான், "எனக்கும் அப்பவே சந்தேகம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். துரைக்கு அந்த வயதில் எந்தத் தாளும் கால்களைத் திருப்பித் தராது.

தீப்பெட்டி ஒரு மாதம் என் சட்டைகளை இஸ்திரிக்கு வாங்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு மேட்ச். துரையும் வர்றான். நீங்களும் வரணும். ஆனா எங்க பக்கத்துல உக்காரக்கூடாது. ரெண்டு படி கீழ உக்காருங்க."

இன்று வரை அப்படித்தான் உட்காருகிறேன், அவர்களுக்கு இரண்டு படி கீழே. பின்னால் லெஃப்ட் பேக்கைப் பற்றிச் சண்டை நடக்கும், என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மழை வந்தால் மட்டும், தீப்பெட்டியின் குடை அவர் முதுகை நனைய விட்டுவிட்டு, என் தலை வரைக்கும் கொஞ்சம் முன்னால் சாய்கிறது.