பதினேழு முறை மனம் மாறிய விண்ணப்பம்

மதிப்புக்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, பேச்சுவார்த்தைதான் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாகவும், முடிந்தால் பேசிக்கொண்டும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகள், அதாவது எங்கள் பெண், அந்தப் பெரிய கல்லூரிக்கு விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியும். நூறு பேர் கேட்டால் ஆறு பேருக்கு இடம் கொடுத்துவிட்டு, மீதித் தொண்ணூற்று நான்கு பேருக்கும் 'நீங்கள் அபாரமானவர்' என்று எழுதி அனுப்புகிற கல்லூரி. நுழைவுத் தேர்வில் அவள் ஆயிரத்து அறுநூற்றுக்கு ஆயிரத்து நானூற்றுப் பத்து வாங்கினாள். நானெல்லாம் அந்தத் தேர்வு நடக்கிற கட்டடத்தைக் கண்டுபிடித்திருந்தாலே பெரிய விஷயம். ஆனால் அங்கே சேருகிறவர்களின் சராசரி இதைவிட நூறு அதிகமாம். போகட்டும் என்றால், 'மதிப்பெண்ணை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம், அனுப்பாதவர்களைக் குறைவாக நினைக்க மாட்டோம்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். "உங்க இஷ்டம்" என்று உங்கள் தங்கை சொல்லி இருபத்திரண்டு வருடம் கேட்டவன் நான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? மறைத்தால் பெண் அறுநூறு வாங்கியதாகத்தான் நினைப்பார்கள், அனுப்பியே தீர வேண்டும் என்பது என் கட்சி. காட்டினால் மானம் போகும், மறைக்க வேண்டும் என்பது உங்கள் தங்கையின் கட்சி. யாருடைய மதிப்பெண்ணோ அவளை நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

பெற்றோர் விவரம் நிரப்புவதற்காகக் குழந்தை எங்கள் இருவருக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். நம்பித்தான் கொடுத்தாள். என் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் கருவியில் முகவாயை வைத்துக்கொண்டு நாலாவது வரியைப் படித்துக்கொண்டிருக்க, நான் மேஜைக்கு அந்தப் பக்கம் கணினியில் 'மதிப்பெண்ணை அனுப்புக' கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் என்ன படித்தார் என்று கேட்காமலே "அருமை" என்றேன். அந்த மனிதர் இப்போது மாடிப்படியில் கைப்பிடியை விடுவதே இல்லை. மறுநாள் திறந்து பார்த்தால் 'வேண்டாம்' என்று மாறியிருந்தது. இணையதளத்தில் ஏதோ கோளாறு என்று திரும்பத் தட்டினேன். மறுபடி மாறியது. ஒரு பொறுப்புள்ள தகப்பனாகக் கல்லூரிக்குப் புகாரும் எழுதினேன். அதே கோளாறைப் பற்றி, அதே நாளில், எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்தும் ஒரு புகார் போயிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சேர்க்கை அலுவலகத்திலிருந்து குழந்தைக்குப் பதில் வந்தது. சாப்பாட்டு மேஜையில் அவளே எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். 'இந்த ஒரு கேள்வியில் ஒன்பது நாளில் பதினேழு முறை மனம் மாறியிருக்கிறீர்கள். மாணவர்களின் மனநலத்துக்கு எங்களிடம் ஆலோசகர் இருக்கிறார், தயங்காமல் பேசலாம்.' உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் உப்பு டப்பாவைப் பார்த்தேன்.

"எனக்கு மனசு சரியில்லைன்னு நினைக்கிறாங்க" என்றாள் குழந்தை. "பாவம், அவங்களுக்கு உங்களைத் தெரியாது."

உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றினாள். தன் முடிவை ஒரே நிமிடத்தில் பதிவு செய்தாள். என்ன முடிவு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்களோடு "சாவி எங்கே" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை.

இனி அந்த இடம் கிடைக்காது மச்சான். மனநிலை சரியில்லாத பெண் என்று தகப்பனே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கிடைக்காமல் போவதும் நல்லதுக்குத்தான். ஒரு பிள்ளையை மூன்று மணி நேரம் உட்காரவைத்து, நாலு வட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லி, அதை வைத்து ஆயுளுக்கும் எடை போடுகிற பித்தலாட்டம் இது. நீங்கள் முப்பது வருடம் வினாத்தாள் தயாரித்தவர், தவறாக நினைக்க வேண்டாம். அப்போது வட்டங்கள் யோக்கியமாக இருந்தன. நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. அந்தக் கல்லூரி வெறும் பகட்டு, வீட்டுப் பக்கத்துக் கல்லூரியே மேல் என்று அவளுக்கு நீங்கள் உடனே எழுத வேண்டும். அவள் உடைந்து போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. நடுவயதுக்காரர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது! அவளுக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். அந்தக் கல்லூரி தொலைநோக்குள்ள நிறுவனம், அந்தத் தேர்வு அறிவை அளக்க மனிதன் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞான முறை. மேலே உள்ளதையெல்லாம் வேறு யாரோ எழுதியதாகக் கொள்ளவும். மதிப்பெண்ணை அனுப்பியதால்தான் கிடைத்தது என்று நானும், மறைத்ததால்தான் கிடைத்தது என்று உங்கள் தங்கையும் காலையிலிருந்து தொண்டை வற்றக் கத்தினோம். கடைசியில் இரண்டு பேருமாகப் போய் அவளிடமே கேட்டோம். அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "சொன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிச்சிடுவீங்க. நான் போனப்புறம் தோத்தவங்களை யாருப்பா பார்த்துக்குவா?"