விசிலின் ஜீப்பில் ஒரு சீட்டு

துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமலேயே போர்க்களத்தை ஆண்ட தளபதி இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சைதாப்பேட்டைக்காரர். பெயர் விசில். அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும், அது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "அது சம்பளம் வாங்குற அன்னிக்கு மட்டும்மா" என்பார்.

அவர் எனக்கு அறிமுகமானது என் வலது கால் மாவுக்கட்டில் இருந்த காலத்தில். மாடவீதியில் காய் வாங்கித் திரும்பும்போது, பையிலிருந்து உருண்ட ஒரு வாழைப்பூவைக் காப்பாற்றப் போய்க் கணுக்காலை உடைத்துக்கொண்டேன். வாழைப்பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணா சாலையில் கணக்குப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. ஆபீஸில் தாராளமாக லீவு கொடுத்தார்கள். டிவி சீரியல்களில் எல்லா மாமியார்களும் எல்லா மருமகள்களுக்கும் விஷம் வைத்து முடித்துவிட்டதால், நேரம் போகாமல் போனில் ஓர் ஆன்லைன் விளையாட்டை இறக்கினேன். ஐம்பதைத் தொடப் போகும் வயதில், மயிலாப்பூர் கூடத்தில், நாற்காலி மேல் காலை நீட்டியபடி நான் போர்வீராங்கனை ஆனேன்.

விளையாட்டு எளிமையானது. நாலு நாலு பேராக நிறையக் குழுக்கள் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். கிடைக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மற்றக் குழுக்களைச் சுட வேண்டும். கடைசியில் எந்தக் குழு மிஞ்சுகிறதோ அதற்கு வெற்றி. குண்டடி பட்டு விழுந்தவரை, தன் குழுக்காரர் யாராவது வந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வார். விளையாடும்போது நாலு பேரும் பேசிக்கொள்ளலாம்.

சிக்கல் அந்தக் கடைசி வசதியில் இருந்தது. முதல் குழு என் ரேங்க் என்ன என்று கேட்டது. இன்றுதான் சேர்ந்தேன் என்றேன். மறு நொடி என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். இரண்டாவது குழு என்னை ஆற்றில் தனியாக நீந்த விட்டுவிட்டு ஜீப்பில் போய்விட்டது. மூன்றாவது குழுவில் என் குரலைக் கேட்டதும் ஒரு பையன், ஆன்ட்டி சமையல் முடிஞ்சிடுச்சா என்று விசாரித்தான். இன்னொருவன் கேட்டதை நான் இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து மைக்கை அணைத்துவிட்டு ஊமையாக விளையாடினேன். நான் பேசாததற்கும் திட்டினார்கள்.

"எதுக்கு இப்படி ஊர் பேர் தெரியாதவா கிட்டல்லாம் திட்டு வாங்கிண்டிருக்க? ஆத்துல நான் இல்லையா?" என்று என் கணவர் ஆறுதல் சொன்னார்.

விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த ஒரு சாயங்காலம் விளையாட்டே ஏதோ ஒரு குழுவில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டது. வழக்கம்போல் மற்ற மூவரும் ஒரு ஜீப்பில் ஏறினார்கள். நான் வெகு தூரத்தில் ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். ஜீப் போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை. சுற்றிலும் குண்டு பறந்தது. அப்போதும் போகவில்லை.

"கடைசில யாரும்மா அது? மெதுவா வா. வண்டி உனக்காவதான் நிக்குது."

அதுதான் நான் கேட்ட முதல் விசில் வாசகம். மைக்கை அணைத்திருந்த ஆள் ஆணா பெண்ணா என்பதுகூட அவருக்குத் தெரியாது. திரையில் என் உருவம் பாவாடை மாதிரி ஏதோ கட்டியிருந்ததை வைத்து 'அம்மா' என்று சொன்னதாகப் பிறகு விளக்கினார். நான் தட்டுத்தடுமாறி ஜீப்பை அடைந்த அதே நேரம், எதிரிகளும் அடைந்தார்கள். நாலு பேரும் காலி. இனி வசவு வரும் என்று காதிலிருந்து கருவியைக் கழற்றப் போனேன். "அடுத்த வண்டி கீதும்மா, குந்து" என்றார் அவர். நான் மைக்கைப் போட்டு, "தேங்க்ஸ்" என்றேன். பல நாட்களுக்குப் பிறகு அந்த விளையாட்டில் நான் பேசிய முதல் வார்த்தை.

விசில் ஒரு பஸ் கண்டக்டர். விடிகாலை ஷிப்டை முடித்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் போருக்கு வருவார். அவர் குழுவில் சும்மா சேர்ந்துவிட முடியாது. கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார். நான் பாத்திரம் தேய்ப்பேன் என்றேன். அதைக் கேட்டதும் என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு முன்பே இரண்டு பேர் தேறியிருந்தார்கள். ஒருவர் தி.நகரில் அத்தர் கடை வைத்திருக்கும் சலீம் பாய். கோபம் வந்தால் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போவேன் என்று சொன்னவர். மற்றவள் நந்தனத்தில் கல்லூரி படிக்கும் கீர்த்தனா. எனக்குக் கோபமே வராது என்று சொல்லி முதல் தடவை தோற்றவள். பொய் சொல்லும் பயணியை அவரால் ஏற்ற முடியாதாம். அடுத்த நாள் வந்து, தம்பியை அடிப்பேன் என்று உண்மையைச் சொல்லிச் சேர்ந்தாள்.

விசிலின் சட்டங்கள் எந்த ராணுவத்திலும் கிடையாது. கெட்ட வார்த்தை கூடாது. எதிரியைச் சுடுவதற்கு முன் "கோச்சிக்காதப்பா" என்று சொல்ல வேண்டும். எதிரிக்கு அது கேட்காது. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஏறாமல் ஜீப் நகராது. ஏறியதும் அவர் நிஜ விசிலை எடுத்து மைக்கில் இரண்டு ஊது ஊதுவார். முதல் நாள் அதைக் கேட்டு என் கணவர் அடுப்பை அணைக்க ஓடினார். சலீம் பாய்க்கு ஒரு காது இரண்டு நாள் கேட்கவில்லை. "ஊதாம ஸ்டியரிங்க தொட்டா கை நடுங்குது பாய், மன்னிச்சுக்கோ" என்றார் விசில். ஆயுளெல்லாம் டிரைவருக்கு விசில் கொடுத்த மனுஷர், விளையாட்டில் ஸ்டியரிங்கை வேறு யாருக்கும் தரமாட்டார். என் கால் உடைந்த விஷயம் தெரிந்ததிலிருந்து, "காலு கட்டு போட்டவங்க முன்னால குந்தணும்" என்று எனக்கு முன் சீட்டை ஒதுக்கிவிட்டார். விளையாட்டில் என் கால் மான் கால் போல் ஓடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சட்டம் சட்டம்தான்.

அந்தத் தீவில் ஏதோ வாயில் நுழையாத பெயர்கள் எல்லாம் இருந்தன. விசில் அவற்றை ஒரே மூச்சில் ரத்து செய்தார். நீளப் பாலம் சைதாப்பேட்டைப் பாலம் ஆயிற்று. அதை ஒட்டிய மேடு சின்னமலை. கடற்கரையில் நின்ற வெள்ளைக் கோபுரம் பெசன்ட் நகர் மாதா கோயில். சந்து சந்தாக வீடுகள் நெருக்கிய இடம் ரங்கநாதன் தெரு. "ரங்கநாதன் தெருல நாலு பேரு பூந்துகீறாங்கோ, யாரும் பர்சேசுக்குப் போவாதீங்கோ" என்று அவர் சொன்னால், எனக்கு வரைபடமே வேண்டாம். அதுவரை கிழக்கு மேற்கு தெரியாமல் செத்துக்கொண்டிருந்த நான், ஒரே வாரத்தில் தீவு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். இதன் பின்விளைவாக, செக்கப்புக்காக ஆட்டோவில் போனபோது நிஜ சைதாப்பேட்டைப் பாலத்தில் என்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இவ்வளவும் செய்த விசில், விளையாட்டில் மட்டும் மகா மோசம். துப்பாக்கி வானத்தைப் பார்க்கும், இல்லையென்றால் சலீம் பாயைப் பார்க்கும். எப்போதும் முதலில் சாவது அவர்தான். ஆனால் செத்தவரும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம், பேசலாம். செத்த பிறகுதான் அவர் பிரமாதமாக விளையாடுவார். எங்கள் மூவருக்கும் பின்னால் யார் வருகிறார்கள், பக்கவாட்டில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒருவர் விடாமல் கவனித்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கீர்த்தனாவின் கல்லூரி விழாவில் இந்த விளையாட்டுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். குழுவில் ஒருவர் மாணவராக இருந்தால் போதும், மற்றவர்கள் வெளியாட்களாக இருக்கலாம். நாங்கள் பெயர் கொடுத்தோம். கொடுத்த மறுநாள் மின்னல் என்று ஒரு பையன் விளையாட்டிலேயே எங்களிடம் பேச வந்தான். அடையாறுக்காரன். சுட்டால் குறி தப்பாது என்று பெயர் வாங்கியவன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். உங்கள் குழு கட்டுப்பாடாக இருக்கிறது, நான் சேர்ந்தால் கோப்பை நிச்சயம், ஆன்ட்டிக்குப் பதிலாக நான் வரட்டுமா என்றான்.

அவன் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது.  நானே விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.  சலீம் பாய் இருமினார். விசில்தான் அவனுக்குப் பதில் சொன்னார்.

"தம்பி, நீ நல்லா ஆடுற. நானே பாத்துகீறேன். ஆனா சீட்டுல குந்திகினு கீறவங்கள எழுப்பி வுட்டு, வேற ஆள குந்த வெக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

மின்னல் வேறு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு எங்களுக்கு எதிராகவே வந்தான். நான் அன்று முழுவதும் வீட்டில் ஒற்றைக் காலில் நின்று எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன். அது கோபம் இல்லை, வேறு என்னவோ.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். விசில் மாதா கோயில் கூரையில் இறங்கி, அங்கிருந்து வழுக்கி விழுந்து உடனே உயிரை விட்டார். நாங்கள் மூவரும் பதுங்கிப் பதுங்கிக் கடைசிவரை வந்துவிட்டோம். தீவில் மிச்சம் இருந்தது நாங்களும் மின்னலும் மட்டும். அவன் கூட்டாளிகளை அவன் எங்கெங்கோ விட்டுவிட்டு வந்திருந்தான், எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவன் முதலில் கீர்த்தனாவை வீழ்த்தினான். பிறகு பாலத்தில் சலீம் பாயை. பாய்க்கு உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, பாலத்தின் நடுவே தவழ்ந்துகொண்டிருந்தார்.

நான் பாலத்தின் இந்தப் பக்கம், பாய் ஓட்டிவந்து நிறுத்திய ஜீப்பின் முன் சீட்டில் பத்திரமாக இருந்தேன். "மேடம், நீங்க போயிடுங்க. எனக்காக நிக்காதீங்க" என்று பாய் கெஞ்சினார். ஓடி ஒளிந்தால் எனக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பாயைத் தூக்கிவிடப் போனால் இருவரும் சாவோம்.

"விசில், நான் என்ன பண்ணட்டும்?"

"என்னக் கேக்காதம்மா. வண்டி இப்ப உன் கைல கீது."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன். ஜீப்பின் முகம் எதிர்ப்பக்கம் இருந்தது. திருப்ப எனக்குத் தெரியாது. அதனால் அப்படியே ரிவர்ஸில் பாலத்துக்குள் விட்டேன். பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இடது, வலது, இடது என்று மாறி மாறி விசில் சொல்லச் சொல்ல, பாலத்துச் சுவர் இரண்டிலும் உரசிக்கொண்டு, பாயை நோக்கிப் பின்னாலேயே போனேன். திடீரென்று தட் என்று ஒரு சத்தம். வண்டி எதன் மீதோ ஏறி இறங்கியது.



"ஆருக்காவது அடி பட்டுச்சா?" என்று பதறினார் விசில்.

பட்டிருந்தது. பாயை முடித்துவிட்டுப் போகலாம் என்று பாலத்தில் குனிந்து வந்த மின்னலுக்கு. குறி தப்பாதவன் என் ஜீப்பின் பின்சக்கரத்தில் போய்ச் சேர்ந்தான். திரையில் தங்க எழுத்தில் எங்கள் குழுவின் பெயர் வந்தது. "கோச்சிக்காதப்பா" என்று நான் தாமதமாகச் சொன்னேன். கீர்த்தனா கத்திய கத்தலில் அவள் தம்பி வந்து கதவைத் தட்டினானாம். சலீம் பாய் அழுதார். என் கணவர் கூடத்துக்கு வந்து, ஜெயிச்சது நிஜமா என்று கேட்டு, நிஜம் என்றதும் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லப் போனார். எங்கள் கல்யாணத்தைக்கூட அவர் அப்படி ஓடிப்போய் யாரிடமும் சொன்னதில்லை.

கட்டுப் பிரித்த வாரம் கல்லூரியில் பரிசளிப்பு. அங்கேதான் நாங்கள் நால்வரும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டோம். விசில் டியூட்டியிலிருந்து நேராகக் காக்கிச் சட்டையில் வந்திருந்தார். பெரிய தொண்டையை வைத்து ஆஜானுபாகுவான ஆளைக் கற்பனை செய்திருந்தேன். ஒல்லியாக, என் தோள் உயரத்தில் இருந்தார். கேப்டன் மேடைக்கு வரட்டும் என்று அழைத்தார்கள். அவர் எங்கள் மூவரையும் முன்னால் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் ஏறினார். கோப்பையை என் கையில் கொடுக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து நின்று கை தட்டினான், அதுதான் மின்னல் என்று கீர்த்தனா காதில் சொன்னாள். அலுவலகத்தில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த மேடையில் என் முதுகு நிமிர்ந்தது போல் எங்கும் நிமிர்ந்ததில்லை.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த என் கணவர், யாரும் சொல்லாமலேயே, "ஆத்துக்கு வந்து ஒரு வாய் காபி சாப்டுட்டுத்தான் போகணும்" என்று எல்லோரையும் அழைத்தார். வந்தார்கள். சலீம் பாய் எல்லோர் மணிக்கட்டிலும் அத்தர் தடவிவிட்டார். விசில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காபியை ஊதி ஊதிக் குடித்தார், எங்கள் வீட்டை ஒரு சுற்று பார்த்தார், நல்ல காத்து வருது என்று சொன்னார். மறுநாள் விடிகாலை ஷிப்ட் என்று எழுந்தார்.

தெருமுனை திரும்பும் வரை அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறைந்த பிறகும் வாசல் கதவைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை.