ஸ்டெல்லா டென்ட்டுல நான் போட்ட முடிச்சு

சனிக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலை. எட்டாவது படிக்கிற என் பொண்ணு ஸ்டெல்லாவ திருவொத்தியூர்ல சாரணியர் கேம்ப்ல வுட்டுட்டு வரணும். அவ்ளோதான்.

கேட்டுலயே டீச்சர் சொல்லிட்டாங்க. "டென்ட்ட பொண்ணுங்களே கட்டணும், அவங்களே பிரிக்கணும். அப்பா அம்மா யாரும் கை வைக்கக் கூடாது. பாஸானாதான் ஊட்டி கேம்ப்!"

ஸ்டெல்லா என்னப் பாத்து, "நைனா, கேட்டுச்சா? கெளம்பு"ன்னா. ரெண்டு மாசமா கட்டில் கால்ல முடிச்சு போட்டுப் பழகுனவ.

கெளம்பியிருக்கலாம் மக்களே! ஒரு டீயக் குடிச்சுட்டு திரும்ப வந்து நின்னேன்.

டென்ட்டக் கட்டிட்டு பொண்ணுங்க எல்லாம் டிபனுக்குப் போயிட்டாங்க. கடல் காத்து ஆளத் தூக்குது. இவ கயித்தப் பாத்தா, முனைய இழுத்தா அவுந்துடும் போல கீது. இருபது வருஷமா காசிமேட்டுல மீன்புடி போட்டக் கரைல கட்றவன் நான். எம்பொண்ணு டென்ட்டு காத்துல பறந்தா எனக்கு இன்னா மரியாதை?

நைசா உள்ள பூந்துட்டேன். தரைல அடிச்ச நாலு முளையிலயும் அவ முடிச்ச அவுத்துட்டு, போட்டுக்குப் போடுற முடிச்சாப் போட்டேன். பழக்க தோஷம், மேல தண்ணி வேற ஊத்துனேன். நனைஞ்சா கெட்டியா இறுகிக்கும், புயலே வந்தாலும் அசையாது. வெளிய வந்து காம்பவுண்டு சுவராண்ட நின்னேன். பெருமை தாங்கல!

டீச்சர் விசில் ஊதுனாங்க. "அஞ்சு நிமிஷம். பிரிச்சு மடிங்க!"

மத்த பொண்ணுங்க கயித்து முனைய ஒரு இழு இழுத்தாங்க. டென்ட்டு பொத்துனு வுழுந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. அந்த முடிச்சே சட்டுனு அவுக்கறதுக்குப் போடுறது!

ஸ்டெல்லா இழுத்தா. அசையல. நகத்தால நோண்டுனா, பல்லால கடிச்சா. புள்ளயோட ஊட்டிய நானே கெடுத்துட்டேனே!

"டீச்சர், இது நான் போட்ட முடிச்சு இல்ல"ன்னா. கயித்த இன்னொரு தபா தடவிப் பாத்தா. "தண்ணி ஊத்தி இறுக்கி கீது. எங்க நைனாதான்!"

மொத்த கேம்ப்பும் சுவர் பக்கம் திரும்புச்சு. நான் குனிஞ்சேன். இந்த உடம்ப வச்சுகினு எங்க ஒளியறது?

அவ அழல. முடிச்ச வுட்டுட்டு, முளைய ஆட்டி ஆட்டிப் புடுங்குனா. நாலும் வந்துச்சு. முளையோட சேத்து டென்ட்ட மடிச்சு வச்சா. விசில்!

டீச்சர் சிரிச்சுகினே, "ஸ்டெல்லா பாஸ். அந்த நாலு முடிச்ச மட்டும் உங்கப்பா அவுத்துட்டுப் போவட்டும்"ன்னாங்க.

மத்தியான சாப்பாடு வரைக்கும் அவுத்தேன்.

இப்ப ஊட்டிக்கு பை கட்டிகினு கீறா. மொத சாமானே பத்தடி கயிறு.

"இது எதுக்கும்மா?"ன்னேன்.

"உன்ன வூட்லயே கட்டிப் போட."