ஒபரேட்டருக்காக எஞ்சினை நிறுத்திய பஸ்

மாத்தளை டவுனில் ஓடும் பஸ்களுக்கு பிரேக் என்று ஒன்று இருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் டெலிபோன் ஒபரேட்டராக இருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி பெரிய அதிகாரி முதல் பியோன் வரை எல்லாருக்கும் அவர் ஒபரேட்டர்தான். “ஹலோ” என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுகிறவர் யார், எந்த ஊர், காலையில் வீட்டில் சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவார். பஸ்களையும் அப்படியே அடையாளம் காண்பார். மேசையில் உட்கார்ந்தபடி, கண்டி பஸ் வருகிறது, கியர் பொக்ஸ் சரியில்லை என்பார். ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். கியர் பொக்ஸைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் வருவது கண்டி பஸ்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஆட்கள் ரோட்டைக் கடக்க ஒரு மஞ்சள் கடவை. காலை எட்டேகாலுக்கு ஒபரேட்டர் அதன் விளிம்பில் வந்து நின்று வெள்ளைப் பிரம்பை நீட்டுவார். பிரம்பைக் கண்டால் வண்டி நிற்க வேண்டும், அது டிரைவரின் கடமை என்பது அவர் கட்சி. மஞ்சள் கோட்டைக் கண்டால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய்விட வேண்டும் என்பது டிரைவர்களின் கட்சி.

இடையில் புண்ணியம் தேடுகிறவர்கள் வேறு. கேட்காமலே கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் அவர் ரோட்டைக் கடந்து முடித்து, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு நல்ல மனுஷர் வந்து பிடித்து, புறப்பட்ட பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டார். இன்னொரு நாள் நான் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டார்.

“என்னைய இழுக்கிறதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கு தங்கச்சி. வண்டிய நிப்பாட்டத்தான் ஆளில்ல.”

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம்.

இருபது வருஷம் காதை நம்பியே ரோட்டைக் கடந்தவருக்கு எமனாக வந்தது ஒரு ஹைபிரிட் கார். அந்தச் சாமான் ஊர்ந்து வரும்போது சத்தமே போடாது. ரோட்டில் ஒன்றுமில்லை என்று அவர் காலை எடுத்து வைத்தார். கார் பிரம்பின் நுனியை முறித்துக்கொண்டு போயே போய்விட்டது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் முறிந்திருப்பது கால். அன்று அவர் மூன்று அழைப்புகளைத் தப்பான மேசைகளுக்கு இணைத்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா விஷயம் கேள்விப்பட்டு மத்தியானமே இரத்தோட்டை ரோட்டு வீட்டிலிருந்து வந்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. இனிமேல் திரீவீலரில் வாசலில் இறங்கி வாசலில் ஏற வேண்டும். முடியாதென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்றார். வாசலில் இறக்கிவிட்டுப் போவதற்குத் தான் என்ன பார்சலா என்று கேட்டார் ஒபரேட்டர். கடைசியில் ஒரு மாதத் தவணை வாங்கினார். அதற்குள் வண்டிகள் தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திரீவீலர். அதுவரை காலையில் நான் அலுவலகப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. நான் வாயையே திறக்கக் கூடாது என்பது ஒபரேட்டரின் நிபந்தனை.

மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டிரைவர்களிடம் சிங்களத்தில் ஒரு பிரசங்கம் வைத்தார். சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். மனுஷர் அசரவில்லை. அவர்களுடைய வீட்டு நம்பர்களைத் தேடிப் பிடித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் கைபேசியை எடுத்து, ‘நோனா, இன்றைக்கு எட்டேகாலுக்கு உங்கள் வீட்டுக்காரர் என் மூக்கு நுனியை உரசிக்கொண்டு பஸ் ஓட்டினார், கோபமெல்லாம் இல்லை, சும்மா சொன்னேன்’ என்று மகா மரியாதையாகச் சொல்லிவிட்டு வைப்பார். அன்று இரவு அந்த வீடுகளில் என்ன நடந்ததோ தெரியாது. அடுத்த நாள் பஸ் நின்றது.

நின்றதே தவிர, அவர் நகரவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, பல்லெல்லாம் தெரிய, ‘போங்கள் போங்கள்’ என்று கையைக் காட்டுகிறார். லைட்டையும் போட்டுப் போட்டு அணைக்கிறார். கண் தெரியாதவருக்கு. இவரோ பஸ் நின்றுவிட்டதா, பதுங்கி நிற்கிறதா என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் பத்து வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. எனக்கு நாக்கு துடித்தது, ஆனாலும் வாக்கு கொடுத்திருந்தேன்.

அன்று தேத்தண்ணீர் நேரத்தில் ஒபரேட்டர் போய் அந்த டிரைவரின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, தான் எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறேன் என்று கேட்டார். பிறகு கையும் லைட்டும் வேண்டாமென்று முடிவானது. கொண்டக்டர் இறங்கி மற்ற வாகனங்களை மறித்துவிட்டு, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் இவர் கடக்கலாம். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் இரண்டு தட்டு என்றால் பஸ்ஸை எடு என்பதுதான் பிறந்ததிலிருந்து டிரைவர்களுக்குத் தெரிந்த பாஷை. கொண்டக்டர் தட்டினார், ஒபரேட்டர் காலை வைத்தார், டிரைவரும் பழக்கதோஷத்தில் பஸ்ஸை எடுத்துவிட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது ஒபரேட்டர் பின்னால் துள்ளி, ரோட்டோரத்தில் நின்ற இளநீர்க்காரரின் மேல் சாய்ந்து நின்றார்.

அப்போதும் விடவில்லை. இளநீர்க்காரரின் தோளைப் பிடித்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

“அப்ப எஞ்சின நிப்பாட்டுங்க. சத்தம் நின்னாத்தான் நான் நம்புவேன்.”

சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து எட்டேகாலுக்கு எந்த பஸ் கடவைக்கு வந்தாலும் எஞ்சின் அணையும், கொண்டக்டர் தட்டுவார், ஒபரேட்டர் பெரிய அதிகாரி மாதிரி நடந்து வருவார். என்னைத் தாண்டும்போது வேண்டுமென்றே நடையைக் குறைப்பார்.

தவணையின் கடைசி நாள் இரத்தோட்டை பஸ் வந்து நின்றது. அந்தக் கிழட்டு பஸ்ஸை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் இரவு வரை அணைப்பதில்லை என்பது டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒபரேட்டரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. டிரைவர் நல்ல மனதோடு அணைத்தார். ஒபரேட்டர் கடந்து வந்தார். பிறகு எத்தனை முறை சாவியைத் திருகியும் பஸ் இருமியதே தவிர கிளம்பவில்லை.

பயணிகளெல்லாம் தள்ளுவதற்கு இறங்கினார்கள். விஷயம் புரிந்ததும் ஒபரேட்டர் சாப்பாட்டுப் பையை என் கையில் திணித்துவிட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பஸ்ஸின் பின்பக்கத்தைத் தடவிப் பிடித்துத் தோளைக் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளியவரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டெல்லா அக்கா. தவணை முடிகிற நாளில் சொல்லாமல் கொள்ளாமல் வேவு பார்க்க வந்திருக்கிறார். மூச்சு வாங்கி, “மாதாவே” என்று வாய்க்குள் முனகினார்.

ஒபரேட்டர் தலையைத் திருப்பவில்லை.

“ஸ்டெல்லா, நீ தள்ளாத. ஒனக்கு முட்டி வலி.”

“நீங்க பேசாமத் தள்ளுங்க,” என்றார் அக்கா.

பஸ் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. நடு ரோட்டில் அவர்கள் இருவரும் நின்றார்கள். கொண்டக்டர் இரண்டு பக்கமும் மறித்திருந்ததால் லொறி, வேன், சத்தமில்லாத கார் எல்லாம் ஹோர்ன் அடிக்காமல் காத்து நின்றன. அக்கா அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பழக்கத்தில் அவருடைய கையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

“ஒபிசுக்குப் போங்க. லேட்டாகுது.”

திரீவீலர் பேச்சு அன்றோடு முடிந்தது. எனக்கும் கடவையில் வேலை முடிந்தது. ஆனாலும் அவர் ஓய்வு பெறும்வரை தினமும் எட்டேகாலுக்குப் போய் நின்றேன். அந்த நடையைப் பார்க்காவிட்டால் எனக்கு நாளே விடியாது. தெரிந்தால் திட்டுவார் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நிற்பேன். அவர் பிரம்பைத் தட்டிக்கொண்டு வந்து, என் முன்னால் நடையைக் கொஞ்சம் குறைத்து, “குட் மோர்னிங் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போவார்.