பொடுகுச் செடி

செடி வாங்கப் போகிறவர்கள் பூவைப் பார்ப்பார்கள், இலையைப் பார்ப்பார்கள். பக்கத்தில் தன் வெறுங்காலை வைத்துப் பார்த்து வாங்கிய மனிதர் திருப்பதி வட்டாரத்திலேயே ஒருவர்தான். கணுக்கால் எலும்பைத் தாண்டி வளரும் எதுவும் குளத்தோரத்தில் நிற்கக்கூடாது என்பது அவர் சட்டம். அதனால் அவருக்குப் பெயரே கணுக்கால். அளப்பதற்குத் தோதாகப் பேண்டின் இடது காலைச் சுருட்டியே வைத்திருப்பார், கல்யாண வீட்டிலும்கூட.

திருச்சானூரில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜின் முன்னால் முதலாளி ஒரு குளம் வெட்டினார். முழங்கால் ஆழம். ஓரத்தில் செடி வைக்கக் கணுக்காலைச் சித்தூரிலிருந்து வரவழைத்தோம். என் குடித்தனம் லாட்ஜின் பின்பக்கம். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நடக்கக் கற்ற வாரமே ஓடவும் கற்றிருந்தாள், அதுவும் தண்ணீரைப் பார்த்து.

வந்த அன்றே முட்டிக்கொண்டது.

"ஹைட்டா இருந்தாதான்ப்பா லுக்கு" என்றார் முதலாளி.

"லுக்கு கெடக்குது சார். அந்தப் பாப்பா ஓடிக்கினே கீது, பாத்தீங்களா? ரிசப்ஷன்ல குந்திக்கினு இருக்கிறவருக்குத் தண்ணி தெரியணும். வல்லாரை, பொடுகுச் செடி, அவ்ளோதான்."

முதலாளி அரை மனதாகத் தலையாட்டினார். பொடுதலை என்று எழுதுவார்களே, அதைத்தான் கணுக்கால் பொடுகுச் செடி என்பார். தலைப்பொடுகுக்கு அரைத்துப் பூசுவது, தரையோடு படர்வது. ரேணிகுண்டா நர்சரிக்குப் போன் போட்டு, "பொடுகுச் செடி எரநூறு அனுப்பு" என்று சொல்லிவிட்டு, வல்லாரை கொண்டுவரச் சித்தூருக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் லாரியில் வந்து இறங்கியது கல்வாழை. நெஞ்சு உயரம், ஆரஞ்சுப் பூ. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நடாமல், நர்சரிப் பையோடேயே குளத்தைச் சுற்றி அடுக்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் கொடுப்பவர் அவர்.

மதியம் மூட்டையோடு வந்த கணுக்கால் அதை இறக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே நர்சரியைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "நுவ்வே கதா பொடுகு செட்லு அடிகாவ்?"

தெலுங்கில் பொடுகு என்றால் உயரம். நீதானே உயரமான செடி கேட்டாய் என்கிறான். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிற மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி வந்து கேட்டாள்.

"பாப்பா உங்ககூடதான இருக்குது?"

இல்லை.

நான் திரும்பிப் பார்த்த இடமெல்லாம் இலை. கல்வாழையை விலக்கினால், தண்ணீரில் ஒரு சின்னச் செருப்பு மிதக்கிறது.

மூட்டை விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கணுக்கால் குளத்துக்குள் இருந்தார். "யாரும் எறங்காதீங்க, தண்ணி கலங்கிடும்" என்று கத்திக்கொண்டே மொத்தக் குளத்தையும் கலக்கினார். ஒவ்வோர் அடியாகக் காலால் தடவினார். "தட்டல... இங்கயும் தட்டல..." நான் கரையில் பைகளைப் பிடித்து எறிந்துகொண்டிருந்தேன். ஒரே பையை இரண்டு முறை எறிந்தேன்.

அப்போது இலைக்குள்ளிருந்து ஒரு தும்மல்.

இரண்டு பைகளுக்கு நடுவில், தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி, வாய் நிறைய ஆரஞ்சு இதழோடு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரமும் என் கைக்கெட்டும் தூரத்தில்.

கணுக்கால் குளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மார்பு வரை தண்ணீர். "ஏம்மா, பூ துன்னுக்கினு கீறியே, ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திருப்பி அனுப்ப முதல் பையை அவரே தூக்கி வாசல் பக்கம் நடந்தார்.

இப்போது கணுக்கால் ஸ்ரீ சிட்டியில் ஏதோ கம்பெனித் தோட்டத்தில் இருக்கிறார். மாதா மாதம் குளத்தோரத்தில் அவர் நட்ட செடிக்குப் பக்கத்தில் என் காலை வைத்துப் படம் அனுப்புவேன். "உங்க காலு ஒசரம் சார், அது கணக்குல வராது. இன்னும் வெட்டுங்க" என்று பதில் வரும்.

இந்த மாதம் நான் வெட்டவே இல்லை. நாலு விரல் மேலே வந்துவிட்டது. திட்டுவதற்காவது நேரில் வரட்டும்.